எங்கிருந்தோ வந்த பணம்

பெரும் போராட்டங்களைப் பற்றிப் பேசுங்கால் தலைவர்களின் சொற்பொழிவுகளையே நாம் நினைவுகூர்கிறோம். அப்போராட்டம் எவர் காசில் நடந்தது என்று கேட்பவர் சிலரே. திங்கள்தோறும் சந்தாப் புத்தகத்துடன் மாடிப்படி ஏறி இறங்கும் நம் சங்கத்து அன்பர்களுக்கு அக்கேள்வி எழாமல் இராது. அவர்களை எண்ணியே இவ்வரலாற்றை எழுத விழைந்தோம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் தலைநகர் மாண்ட்கோமரி. அந்நகரப் பேருந்துகளில் முன்வரிசைகள் வெள்ளையர்க்கே உரியவை. கறுப்பின மக்கள் பின்னே அமர வேண்டும். கேட்டால் எழுந்து நிற்கவும் வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே விட்டனர். இளம் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் தலைமை ஏற்றார். இவ்வளவும் பலர் அறிந்ததே.

பேருந்தை விட்டவர் வேலைக்குப் போக வேண்டாமா? பலர் நடந்தனர். ஏனையோரைச் சுமார் 300 கார்கள் ஏற்றிச் சென்றன. பெட்ரோலுக்கும் பழுதுபார்ப்பதற்கும் நாள்தோறும் பணம் வேண்டும். அதுவும் ஓரிரு நாளைக்கன்று, 381 நாளைக்கு!

வெளியூர் நன்கொடைகளும் வந்தன. எனினும் நம் மனத்தைக் கவர்வது ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணியின் வழியே. அவர் தோழியரைத் திரட்டிப் பொரித்த கோழியும் மீனும் கேக்கும் சர்க்கரைவள்ளிப் பணியாரமும் செய்து, அழகு நிலையங்களிலும் வீட்டு வாயில்களிலும் விற்றார். வாரந்தோறும் 100 டாலருக்கு மேல் சேர்ந்தது. அத்தொகையைப் பொதுக்கூட்டத்தில் கொணர்ந்து கொடுப்பார். அக்குழுவின் பெயர் ‘எங்கிருந்தோ வந்த கழகம்’.

பெயரில் வேடிக்கை இருப்பினும் காரணம் கடுமையானது. அப்பெண்களுள் பலர் வெள்ளையர் இல்லங்களில் சமைப்பவர், துவைப்பவர். உதவியது தெரிந்தால் மறுநாளே வேலை போகும். ஆதலின் கொடுத்தவர் யார் என்பது ஜார்ஜியா ஒருவருக்கே தெரியும். எங்கிருந்து வந்த பணம் என எவரேனும் வினவினால், எங்கிருந்தும் இல்லை என்பதே விடை! பற்றுச்சீட்டில் தலைப்பெழுத்து விடுபட்டாலே முகம் வாடுபவர் நம்மிடையே உண்டு. அவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஊர்வலத்தில் முகம் காட்ட இயலாதவளும் தன் அடுப்பங்கரையிலிருந்தே போராட்டத்தில் பங்கு பெற்றாள். பெயர் இல்லாத பணத்தை எவரும் மிரட்டித் தடுக்க இயலவில்லை.

நகரின் மறுபகுதியில் ஐனஸ் ரிக்ஸ் என்னும் அம்மையார் போட்டிக் குழு ஒன்றைத் தொடங்கினார். இவ்வாரம் எவர் மிகுதி என்று கூட்டமே ஆரவாரிக்கும். இத்தகைய போட்டி எவ்வூரிலும் வரவேற்கத்தக்கதே.

பிறர் பெயரை மறைத்த ஜார்ஜியா தம் பெயரை மறைக்கவில்லை. 1956 மார்ச்சில் கிங் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னார், வேலையை இழந்தார். கிங் ஊக்கமும் உதவியும் தரவே, தம் வீட்டிலேயே உணவு சமைத்து விற்கலானார். பின்னர்த் தலைவர்கள் கூடிப் பேசும் இடமாகவும் அவ்வீடு அமைந்தது.

அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மக்களுக்குச் சாதகமாயிற்று. டிசம்பர் 21 அன்று அவர்கள் பேருந்தில் ஏறி, விரும்பிய இடத்தில் அமர்ந்தனர்.

ஜார்ஜியா 1990 மார்ச்சில் மறைந்தார். செல்மா நடைப்பயணத்தின் 25-ஆம் ஆண்டு நினைவுக்கு வருவோர்க்காக அன்றும் அவர் சமைத்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவ்வுணவே பரிமாறப்பட்டது.