முகம் பார்த்த கேமரா – 11: படுக்கச் சொன்ன ஹூஜார்

போன வாரம் ராபர்ட் மேப்பிள்தார்ப்பைப் பார்த்தோம். அதே நியூயார்க், அதே எழுபதுகள், அதே சதுர வடிவக் கறுப்பு வெள்ளை. ஆனாலும் பீட்டர் ஹூஜாரின் படங்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மேப்பிள்தார்ப் ஆட்களைச் சிலையாக்கினார். ஹூஜாரிடம் வந்தவர்கள் ஆட்களாகவே இருந்தார்கள். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் கூச்சம், எதையோ நினைத்துக்கொண்டிருக்கும் கண்கள். பேரும் பணமும் என்னவோ மேப்பிள்தார்ப்புக்குத்தான் கிடைத்தன.

ஹூஜார் 1934-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். உக்ரேனியத் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார். கொஞ்ச காலம் பேஷன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார், ஒத்துவரவில்லை. மன்ஹாட்டன் செகண்ட் அவென்யூவில் ஒரு தியேட்டரின் மேல்மாடி அவருக்கு வீடு, அதுவே ஸ்டூடியோ. அங்கே வந்துபோனவர்கள் எழுத்தாளர்கள், ஓவியர்கள், பெண் வேடம் கட்டி மேடையேறிய நடிகர்கள். பலர் பால்புதுமையர், அவரும்தான். வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் எடுத்த படங்கள் அல்ல இவை. எனக்கு இதுதான் முக்கியம்.

வந்தவர்களை அவர் பெரும்பாலும் படுக்கச் சொல்வார். ஒரு கட்டில், வெற்றுச் சுவர், அவ்வளவுதான். நிற்கும்போது எல்லோருக்கும் ஒரு தோரணை வந்துவிடுகிறது. படுத்தால் தோள் இறங்கும், கழுத்து தளரும். சூசன் சொன்டாக்கையே பாருங்கள். 1975-ல் எடுத்த படம். கழுத்து மூடிய ஸ்வெட்டரோடு, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, மல்லாந்து எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டுரைகளில் அவ்வளவு கறாரான அந்த அம்மையாரை இப்படி யாரும் பிடித்ததில்லை. 1976-ல் வெளியான 'போர்ட்ரெய்ட்ஸ் இன் லைஃப் அண்ட் டெத்' நூலில் இந்தப் படம் இருக்கிறது, முன்னுரையும் அவர்தான். நண்பர்களின் முகங்களுக்குப் பிறகு, பக்கத்தைப் புரட்டினால் இத்தாலியின் பலேர்மோ நிலவறையில் உலர்ந்து கிடக்கும் பிணங்கள்! ஹூஜார் உயிரோடிருந்தபோது வந்த ஒரே புத்தகம் அது.

அவர் எடுத்ததிலேயே பிரபலமானது, 1973-ல் மருத்துவமனையில் எடுத்த கேண்டி டார்லிங் படம். ஆண்டி வார்ஹாலின் படங்களில் நடித்த திருநங்கை, புற்றுநோய். முழு மேக்கப்போடு கட்டிலில் சாய்ந்திருக்கிறார். ஒரு கை தலைக்கு மேலே வளைந்திருக்கிறது. பின்னால் வெள்ளைச் சாமந்திகள், விரிப்பின் மேல் ஒற்றை ரோஜா. பரிதாபப் படம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தன் கடைசிக் காட்சியைத் தானே அமைத்துக்கொண்ட நடிகையின் படம் இது. ஹூஜார் அவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் கேண்டி இறந்தார். வயது 29.

டேவிட் வோய்னரோவிச்சை ஹூஜார் சந்தித்தபோது டேவிட்டுக்கு 26 வயது. பதின்வயதில் தெருவில் பிழைத்த பையன். கொஞ்ச நாள் காதல். பிறகு அதைவிடப் பெரிய உறவு. அண்ணன் என்பதா, அப்பன் என்பதா! நீ ஓவியன், வரை என்று விடாமல் சொன்னவர் ஹூஜார். 1981-ல் எடுத்த படங்களில் அந்த ஒடுங்கிய நீள முகத்தைப் பார்த்தால், தன்னை ஒருவர் பொருட்படுத்திப் பார்க்கிறார் என்பதை நம்பலாமா என்று யோசிப்பதுபோல இருக்கும்.

1987 ஜனவரியில் ஹூஜாருக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தது. நவம்பரில் போய்விட்டார். உயிர் பிரிந்த அறையிலேயே டேவிட் கேமராவை எடுத்து அவர் முகத்தையும் கையையும் பாதங்களையும் படம் பிடித்தார். பிறகு அந்த மேல்மாடிக்கே குடிபோனார். ஹூஜாரின் இருட்டறையில்தான் வேலை செய்தார். 1992-ல் அவரையும் அதே நோய் கொண்டுபோனது.

ஹூஜாரின் பிரின்ட்களுக்கு இன்று பெரிய அருங்காட்சியகங்கள் இடம் தருகின்றன. 2018-ல் நியூயார்க்கின் மார்கன் நூலகம் விரிவான கண்காட்சி வைத்தது. அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து!

ஹூஜாரின் நண்பர்கள் முகம் காட்டினார்கள். அதே எண்பதுகளில் தில்லியில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவு நடப்பில் இருந்தபோது, சுனில் குப்தா எடுத்த 'எக்ஸைல்ஸ்' வரிசையில் பலர் முகம் திருப்பி நிற்கிறார்கள். அடுத்த வாரம் அவரைப் பார்ப்போம்.