காளைக்கு முன்னே ஓடும் குதிரை: பிம்ப்ரி கிராமங்களில் திரும்பிய பழைய மோகம்

பிம்ப்ரி (மகாராஷ்டிரம்): புணே நகரையொட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகரைத் தொழிற்சாலைகளின் ஊராகவே நாடு அறியும். 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் தொடங்கிய தொழில் வளர்ச்சி, பின்னர் வந்த மோட்டார் வாகன ஆலைகளால் மாவட்டத்தின் முகத்தையே மாற்றியது. 1997-ல் சிகலி, மோஷி, சரோலி போன்ற சுற்றுக் கிராமங்களும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. வயல்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின. நிலத்தை விற்ற குடும்பங்கள் பலவும் தொழுவத்தை மட்டும் விடவில்லை. உழவுக்கு நிலம் இல்லாத வீடுகளில்கூட கில்லார் இனக் காளைகள் நிற்கின்றன. சில வீடுகளில் அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு குதிரையும் கட்டப்பட்டிருக்கும்.

வண்டி இழுக்காத, உழவுக்கும் உதவாத அந்தக் குதிரைக்கு ஆண்டில் சில நாள்கள் மட்டுமே வேலை. கேட், ஆம்பேகாவ், ஜுன்னர், மாவள் வட்டங்களிலும் பிம்ப்ரியைச் சுற்றிய கிராமங்களிலும் நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயம் தனி வகையைச் சேர்ந்தது. ஏற்றமான ஓடுபாதையில் நான்கு காளைகள் பூட்டிய இலகுவான வண்டி, ஓட்டுநர் இன்றியே பாய்ந்து செல்லும். காளைகளுக்கு வழிகாட்டியாக முன்னே ஒருவர் குதிரையில் விரைவார். குதிரையைத் துரத்திக்கொண்டு காளைகள் ஓடும். பந்தயத்தின் வெற்றி தோல்வி நொடிக் கணக்கில் முடிவாகும். குறைந்த நேரத்தில் ஏறி முடிக்கும் வண்டிக்கு அந்தச் சரிவின் 'ராஜா' என்ற பட்டம் கிடைக்கும். குதிரை சற்றுத் தயங்கினாலும் பின்னால் வரும் நான்கு காளைகளும் அதன்மீதும் அதை ஓட்டுபவர்மீதும் வந்து விழும். எனவே நல்ல குதிரைக்கும் அதில் ஏறத் துணிந்தவருக்கும் கிராமத்தில் தனி மரியாதை உண்டு.

இந்த மரியாதை அரசியலுக்கும் பயன்பட்டது. ஷிரூர் மக்களவைத் தொகுதியில் (பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் போஸரி பகுதி இதில் அடங்கும்) பந்தயத் தடையை நீக்குவது முக்கியத் தேர்தல் வாக்குறுதியாக இருந்தது. 2019-ல் அங்கு வெற்றி பெற்ற தேசியவாத காங்கிரஸ் வேட்பாளரும் நடிகருமான அமோல் கோல்ஹே, பந்தயம் மீண்டும் நடந்தால் காளைகளுக்கு முன் தாமே குதிரை ஓட்டுவதாக அறிவித்திருந்தார். சொன்னபடி ஓட்டுவாரா என்று எதிர்த்தரப்பினர் சவால் விட்டனர். 2022 பிப்ரவரியில் கேட் வட்டம் நிம்காவில் நடைபெற்ற பந்தயத்தில் அவர் குதிரையேறி அதை நிறைவேற்றினார். தேர்தல் வாக்குறுதிகளில் இவ்வளவு நேரடியாக நிறைவேற்றப்படுபவை அபூர்வம்.

இடைப்பட்ட காலத்துக் கதை தமிழக வாசகர்களுக்குப் பழக்கமானதே. காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011 ஜூலையில் மத்திய அரசு காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் ஜல்லிக்கட்டையும் மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் ஒரே தீர்ப்பில் தடை செய்தது. அந்தப் பட்டியலில் குதிரை இல்லை. ஆயினும் காளை ஓடாத இடத்தில் முன்னோடும் குதிரைக்கு என்ன வேலை? தடை செய்யப்படாமலேயே தடையின் விளைவை அனுபவித்தனர் குதிரை வளர்த்தவர்கள்.

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் எழுந்த போராட்டம் புணே மாவட்டத்திலும் எதிரொலித்தது. தமிழகத்துக்குக் கிடைத்தது தங்களுக்கும் வேண்டும் என்று சாக்கனில் மாட்டுவண்டி உரிமையாளர்கள் திரண்டனர். அதே ஆண்டில் மகாராஷ்டிரமும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் பந்தயங்களுக்கு அனுமதி அளிக்கத் தடை விதித்தது. தமிழகத்தில் காளைகள் களமிறங்கிக்கொண்டிருந்தபோது, மகாராஷ்டிரக் காளைகள் மேலும் நான்கு ஆண்டுகள் தொழுவத்திலேயே நின்றன. 2021 டிசம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் சட்டங்களும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

விலங்கு நல ஆர்வலர்களின் எதிர்ப்பு இத்துடன் ஓய்ந்துவிடவில்லை. அதைப் புறந்தள்ளவும் இயலாது. காளைகளை அடிப்பது, வாலை முறுக்குவது போன்ற கொடுமைகளை 2014 தீர்ப்பு விரிவாகவே பதிவு செய்துள்ளது. பரிசுகள் பெருகப் பெருக, வெற்றிக்காக எதையும் செய்யும் ஆசையும் பெருகும். 2022 மே மாத இறுதியில் சிகலி பகுதியில், போஸரி தொகுதி பாஜக எம்எல்ஏ மகேஷ் லாண்ட்கேயின் முன்முயற்சியில் நடைபெற்ற பந்தயத்தில் ஜேசிபி இயந்திரமும் காரும் டிராக்டரும் பரிசுகளாக வைக்கப்பட்டன. இது பழைய ஊர்த் திருவிழாப் பந்தயமல்ல என்பது தெளிவு.

பந்தயத்தைவிடப் பெரிய கேள்வி சந்தையில் இருக்கிறது. பிம்ப்ரிக்கு வடக்கே, வெங்காயத்துக்குப் பெயர் பெற்ற சாக்கனின் வாரச் சந்தையில் கால்நடை வர்த்தகமும் உண்டு. இத்தகைய கிராமச் சந்தைகளில் ஏலம் கூறுவதைவிட பேரமே வழக்கம். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் முறை தமிழகத்தைப் போலவே இங்கும் உண்டு. நாட்டுக்கோழியை மராத்தியில் 'காவ்ரான்' என்பர். கோழி வாங்குபவர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்து, நெஞ்சைத் தடவி விலை சொல்வார். காளைக்காரரின் கைச்செலவுக்கு இந்தக் கோழிகளும் உதவுகின்றன.

2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் எருதுகளையும் காளைகளையும் வெட்டுவதற்குத் தடை வந்தது. வயதான மாட்டை விற்றுப் புதியது வாங்கும் சுழற்சி அதனால் அறுந்தது. 2017 மே 23-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், சந்தையில் இறைச்சிக்காக மாடுகளை விற்கக் கூடாது என்றன. ஒட்டகமும் அந்தத் தடையில் சேர்க்கப்பட்டிருந்தது. குதிரையும் கோழியும் சேர்க்கப்படவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் இடைக்காலத் தடை விதிக்க, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது குறிப்பிடத்தக்கது.

நோய்கள் தரும் அடி வேறு. 2006 பிப்ரவரியில் நாட்டின் முதல் பறவைக் காய்ச்சல் இம்மாநிலத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டு, கோழிகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன. அதே ஆண்டில் குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயும் மகாராஷ்டிரத்தில் தலைகாட்டியது. நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர சட்டத்தில் வேறு வழியில்லை. 2022 செப்டம்பரில் தோல் கழலை நோய் பரவியபோது மாட்டுச் சந்தைகளும் பந்தயங்களும் மாநிலமெங்கும் நிறுத்தப்பட்டன. நீதிமன்ற அனுமதி கிடைத்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது.

குதிரை வாங்க விரும்புவோர் நந்தூர்பார் மாவட்டம் சாரங்கேடாவில் தத்த ஜயந்தியை ஒட்டி டிசம்பரில் கூடும் சந்தைக்குச் செல்கின்றனர். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது. அங்கு வாங்கிய குதிரையைக் காளைகளுடன் பழக்குவதற்குப் பல மாதங்கள் ஆகும். சைத்ர மாதத்தில் ஊர்த் தெய்வங்களின் திருவிழாக்கள் தொடங்குவதற்குள் அது தயாராக வேண்டும்.