நல்ல கிருமிகளைக் குறித்து ஒரு வார்த்தை



கணைய அழற்சி நோயாளியைக் கவனிக்கும் டாக்டர்கள் குடலைக் குறித்தும் கவலைப்படுவது ஏன் என்று நாம் அறிந்துகொள்வது நல்லது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நீரைச் சுரக்கிறது. பித்தக்கல்லினாலோ மதுவினாலோ அழற்சி உண்டானால், அந்த நீரே கணையத்தை அரிக்கிறது. நோய் கடுமையானால் கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போகும். அப்பொழுது குடற்சுவரும் பலவீனமடைகிறது. குடலில் இருந்து நமக்கு உதவிவந்த கிருமிகள் சுவரைக் கடந்து, செத்த பகுதியில் சீழ்பிடிக்கச் செய்கின்றன. உயிருக்கு ஆபத்து இதனால் பெருகுகிறது.

நல்ல கிருமிகளைக் கொடுத்தால் கெட்டவை அடங்குமல்லவா? நெதர்லாந்தில் 15 மருத்துவமனைகள் இதைச் சோதித்தன. 2008-ல் வெளியான முடிவு யாவரையும் திடுக்கிடச் செய்தது. நல்ல கிருமிகளைப் பெற்ற 152 பேரில் 24 பேர் மரித்தார்கள். பெறாத 144 பேரில் 9 பேரே மரித்தார்கள். பெற்றவர்களில் 9 பேருக்குக் குடலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. மற்றவர்களில் ஒருவருக்கும் அப்படி நேரவில்லை.

ஆகவே இன்று இந்நோய்க்கு அவற்றைக் கொடுப்பதில்லை. பட்டினி போடாமல், கூடிய சீக்கிரம் வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ உணவு கொடுக்கிறார்கள். உணவே குடற்சுவருக்குப் பாதுகாப்பு.

சுகமாயிருப்பவர்கள் தயிர் சாப்பிட இதனால் தடையில்லை. ஆனால் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி வந்தால், கடை மருந்தை நம்பாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். படுக்கையிலிருப்பவருக்கு, டாக்டரைக் கேளாமல் அன்பினால்கூட எதையும் கொடுக்கவேண்டாம்.