பச்சைக் கறியும் டாக் ஃபுட்டும் ஒரே தட்டில்... நாய்க்கு நல்லதா, கெட்டதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க ஊர் பாபநாசத்தில் ஏதாவது ஒரு கோழிக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். “அண்ணே, நாய்க்குக் கொஞ்சம் கழுத்து, கால் போட்டு வைங்க” என்று ஒரு குரலாவது காதில் விழும். எங்க அப்பாவும் அப்படி வாங்கி வருகிறவர்தான்.

முன்பெல்லாம் அந்தக் கவர் நேராக அடுப்புக்குப் போகும். மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, மிஞ்சின சோற்றில் பிசைந்து வைப்பார்கள். இப்போது அது நேராக மணியின் தட்டுக்குப் போகிறது. கீழே ஒரு கைப்பிடி கடையில் வாங்கின டாக் ஃபுட், மேலே கழுவின பச்சைக் கறி. “நாய் ஓநாய் பரம்பரைம்மா, பச்சையாத்தான் சாப்பிடணும். வீடியோல பாத்தேன்” என்பது அப்பாவின் வாதம். பக்கத்து வீட்டு மாமாவோ, “ரெண்டையும் கலக்கவே கூடாது. ஒண்ணு சீக்கிரம் செரிக்கும், இன்னொண்ணு லேட்டா செரிக்கும். வயிறு கெட்டுடும்” என்கிறார்.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? சும்மா தெரிந்துகொள்ள மட்டும் இதைக் கேட்கவில்லை. அதே வீட்டுத் தரையில்தான் என் அக்காவின் ஒன்றரை வயது மகள் தவழ்ந்து விளையாடுகிறாள். மணி அவள் முகத்தை நக்காத நாள் கிடையாது.

டாக் ஃபுட் எப்படி வந்தது?

நம்ம ஊரில் எந்த கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் ‘பெடிகிரி’ என்றே கேட்டு வாங்குவோம். இந்த உலர் உருண்டைகளுக்குப் பொதுப் பெயர் ‘கிப்பிள்’. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியதில் இருந்து இந்த வியாபாரம் வளர்ந்தது. 1950-களில் இன்றைய வடிவம் வந்தது. அரைத்த இறைச்சி, தானியம், வைட்டமின், தாது உப்புகள் எல்லாவற்றையும் மாவாக்கி, நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோலப் பிழிந்து, நறுக்கி உலர்த்துகிறார்கள். இதில் ஈரம் சுமார் 10 சதவீதம்தான் இருக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

இதற்கு எதிர்க்குரலாக வந்ததுதான் பச்சை உணவு முறை. ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-ல் எழுதிய புத்தகம் இதைப் பிரபலமாக்கியது. பச்சைக் கறி, எலும்பு, ஈரல், காய்கறி என்று கொடுக்கும் இந்த முறைக்கு ‘பார்ஃப்’ என்று பெயர். இரண்டையும் கலந்து கொடுப்பவர்கள் நடுவழியைப் பிடித்தவர்கள்.

கலந்தால் செரிக்காதா?

முதலில் பக்கத்து வீட்டு மாமாவின் பயம். பச்சைக் கறிக்கு ஒரு நேரம், கிப்பிளுக்கு ஒரு நேரம், இரண்டும் வயிற்றில் மோதிக்கொள்ளும் என்ற கருத்துக்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இல்லை. நாய் வயிற்றின் அமிலம் வீரியமானது. உள்ளே வந்ததை எல்லாம் சேர்த்துக் கடைந்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். நாம் சோறும் கறியும் சேர்த்துச் சாப்பிடவில்லையா? அதேதான்.

பிறகு ஏன் சில நாய்களுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது? பெரும்பாலும் திடீர் மாற்றம்தான் காரணம். நேற்றுவரை கிப்பிள் மட்டும் சாப்பிட்ட நாய்க்கு இன்று அரைக்கிலோ கறி வைத்தால் குடல் தடுமாறும். எந்தப் புது உணவாக இருந்தாலும் ஏழு நாளாவது எடுத்து, கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று மாற்ற வேண்டும்.

அடுத்து அப்பாவின் ‘ஓநாய்’ வாதம். 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஒன்று ஓநாய்களிடம் 2 பிரதிகளே இருந்தன. நாய்களிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கி, மிச்சம் மீதியைப் போட ஆரம்பித்ததோடு நாயின் உடம்பும் மாறியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அதாவது நாய் என்பது சோறு சாப்பிடப் பழகிக்கொண்ட ஓநாய்!

இதை நம்ப டெல்டாக்காரர்களுக்கு ஆய்வே தேவையில்லை. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. நெல்லோடு வாழ்ந்த இந்த ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோற்றில்தான் வளர்ந்தன.

ஆக, கலப்பது பாவமில்லை. அப்படியானால் சிக்கல் எங்கே?

சிக்கல் ‘பச்சை’ என்பதில்தான்

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றை விழுங்கிய நாய்க்குப் பல சமயம் எதுவுமே ஆகாது. ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறும். வாய் வழியாகவும் பரவும். நாய் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும், வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே, வேகவைக்காத இறைச்சியை நாய், பூனைக்குக் கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று சொல்லி வருவதற்குக் காரணம் இதுதான்.

“ஃப்ரீசர்ல வச்சுட்டா செத்துடாதா?” என்று கேட்பீர்கள். சாகாது. குளிரில் பாக்டீரியா தூங்கும், அவ்வளவுதான். ஐஸ் உருகியதும் எழுந்துவிடும்.

கலந்து வைப்பதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கிப்பிள் கெடாமல் இருப்பதற்குக் காரணமே அதில் ஈரம் இல்லாததுதான். பச்சைக் கறியின் ரத்தமும் நீரும் அதில் ஊறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நம்ம ஊர் வெயிலில் அந்தத் தட்டு மதியம் வரை திண்ணையில் கிடந்தால், கிருமிக்கு அதுவே விருந்து.

கிப்பிள் முழுக்க சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் அமெரிக்காவில் உலர் நாய் உணவு வழியாகவே மனிதர்களுக்கு சால்மொனெல்லா பரவியது. எதைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

ஆட்டு ஈரலும் வாத்துக் கறியும்

கறிக்கடையில் கழித்துப் போடும் ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகக் கொடுப்பது இன்னும் ஆபத்து. அவற்றில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ரோமத்தில் ஒட்டி, நம் கை வழியாக வாய்க்குள் போகும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக நிற்கும். அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கலாம்.

பறவைக் காய்ச்சலையும் மறக்க முடியாது. நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. எச்5என்1 வைரஸ்தான் காரணம் என்று 2025 ஜனவரியில் உறுதியானது. சந்தேகம் அவற்றுக்குப் போட்ட இறைச்சி மேல்தான் விழுந்தது. பூனை இனம் அளவுக்கு நாய் இதில் எளிதாக விழாது. ஆனாலும் 2004-ல் தாய்லாந்தில் நோயுற்ற வாத்தைத் தின்ற ஒரு நாய் இதே வைரஸால் இறந்தது பதிவாகியிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் வாத்து மந்தை மேயும் நம்ம ஊருக்கு இது தூரத்துக் கதை இல்லை. செத்த கோழி, வாத்தை நாய்க்குத் தூக்கிப் போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே எளிய மருந்து உண்டு. நன்றாக வேகவைப்பது.

சத்துக் கணக்கு தெரியுமா?

வேகவைத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா? அதுவும் இல்லை. ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்று அச்சிட்ட கிப்பிளில் சத்துக்கள் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கும். வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கறியே பெரும்பங்கு என்றால் உடம்பு எலும்பில் இருந்து கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். வளரும் குட்டிக்கு, அதுவும் லேப்ரடார், ராஜபாளையம் மாதிரிப் பெரிய உடம்புக் குட்டிக்கு, கால் வளைந்துபோகும் அளவுக்குப் பிரச்சினை வரலாம்.

அதனால் மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு: ஒரு நாளைய கலோரியில் 10 சதவீதத்துக்குள் மட்டும் வெளி உணவு. 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 1,050 கலோரி போதும். கிப்பிள் மட்டும் என்றால் சுமார் 300 கிராம். அதில் 30 கிராமைக் குறைத்துவிட்டு, தோலில்லாத வேகவைத்த கோழி 60 கிராம் சேர்க்கலாம். அல்லது ஒரு கைப்பிடி சோறு. குறைக்காமல் மேலே மேலே போட்டால் நாய் குண்டாகும். மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் அதுக்கும் வரும்.

பாதிக்குப் பாதி கலக்க ஆசை என்றால், யூடியூபைக் கேட்காமல் கால்நடை மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

* கறியை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்புச் சோறு வேண்டாம் என்பது இதனால்தான்.
* வெந்த எலும்பை எடுத்துவிடுங்கள். அது கூர்மையாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.
* கறி ஆறிய பிறகு, சாப்பிடும் நேரத்தில் மட்டும் கிப்பிளோடு கலக்குங்கள். அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துத் தட்டைக் கழுவுங்கள்.
* கிப்பிளைக் கண் அளவில் போடாமல், ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள்.
* குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள்.
* சின்னக் குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் பச்சைக் கறி வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது அப்பா கொஞ்சம் முறைத்துக்கொண்டார். “அப்ப இத்தனை நாள் நான் தப்பாவா குடுத்தேன்?” என்றார். பின்னால் இருந்து அப்பாயி குரல் கேட்டது: “நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, வேக வச்சுப் போடுடான்னு.”

போன ஞாயிறு கவர் மறுபடி அடுப்புக்குப் போனது. மணி வழக்கம்போலத் தட்டைப் பளபளவென்று நக்கி வைத்ததாம். பாப்பாவைக் கொஞ்ச வருவதற்கு முன் அதன் வாயை ஈரத்துணியால் துடைக்கும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.