தம்பி சொல்லாததைக் கவனியுங்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜாலான் துன் சம்பந்தனில் உள்ள ஒரு கடையில் குடும்பத்தோடு பசியாறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 4 வயதுத் தம்பிக்கு ஆட்டிசம். பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுவான். தோசையைச் சட்னியில் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டவன், திடீரென்று நாக்கை விரலால் சுரண்டுகிறான், காதைப் பிடித்து இழுக்கிறான், தட்டைத் தள்ளிவிட்டு அலறுகிறான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். “ஒன்றுமில்லை, வழக்கமான அடம்தான்” என்கிறார் அம்மா.

அடமாக இருக்கலாம். கடையின் இரைச்சல் பிடிக்காமலும் இருக்கலாம். சட்னியில் அரைத்த கச்சான் அவனுக்கு ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

உணவில் உள்ள ஒரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி என்று தவறாக எண்ணித் தாக்குவதே ஒவ்வாமை. பேசத் தெரிந்த பிள்ளை “தொண்டை அரிக்குது, நாக்கு எரியுது” என்று சொல்லிவிடும். சொற்கள் குறைந்த பிள்ளையிடம் அதே எச்சரிக்கை செய்கையாகத்தான் வெளிவரும். எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடும்போது ஆபத்து நம் கண்ணில் படாமல் போகிறது.

எனவே சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் வரை வழக்கத்துக்கு மாறான எதையும் கவனியுங்கள். உதடு வீக்கம், தடிப்பு, எச்சில் வழிதல், கழுத்தைப் பிடித்துக்கொள்ளுதல், அடுத்தடுத்து வாந்தி, கரகரத்த அழுகை, மூச்சில் விசில் சத்தம் ஆகியவை முக்கியமான அறிகுறிகள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வெளிறித் துவண்டுபோவது மிகவும் ஆபத்தானது. தோலில் தடிப்பு இல்லாமலேயே கடுமையான ஒவ்வாமை வரக்கூடும்.

மூச்சுத் திணறினாலோ பிள்ளை துவண்டாலோ காத்திருக்கக் கூடாது. மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட்டுவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம். அரிப்புக்குக் கொடுக்கும் மருந்து அந்த ஊசிக்கு மாற்று ஆகாது. பிள்ளை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பி வரலாம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. பயத்தில் பாலை நிறுத்துவார்கள், பிறகு முட்டை, பிறகு கோதுமை. ஆட்டிசம் உள்ள சிறார்களில் பலர் ஏற்கெனவே ஐந்தாறு உணவுகளை மட்டுமே ஏற்பவர்கள். அதிலும் ஊகத்தின் பேரில் வெட்டினால் சத்துக் குறைவுதான் மிஞ்சும். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, பிறகு என்ன செய்தான் என்பதை ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையான பரிசோதனையை அவர் முடிவு செய்வார்.

இங்கே மாணவர்களாகிய உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டல உணவில் கோதுமை, கச்சான், சோயா, மீன், பால், முட்டை போன்றவை இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும். ‘காச்சாங் தானா’, ‘சூசு’, ‘தெலூர்’ என்று மலாயில் இருப்பதைப் பாட்டியால் படிக்க முடியாமல் போகலாம். உங்களால் முடியும். இட்லிச் சட்னிக்கும் கேசரியில் போட்ட முந்திரிக்கும் லேபிள் கிடையாது. “அண்ணே, இதுல கச்சான் போட்டிருக்கீங்களா?” என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தம்பிக்கும் ஒரு வழி கொடுங்கள். 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்ட்டும் படங்களைக் கொடுத்து வாங்கிப் பேசும் முறையை உருவாக்கினார்கள். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியில் படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். வீட்டில் தொடங்க நான்கு அட்டைகள் போதும்: ‘வாய் அரிக்குது’, ‘வயிறு வலிக்குது’, ‘வேண்டாம்’, ‘உதவி’. அவன் நன்றாக இருக்கும்போதே விளையாட்டாகப் பழக்குங்கள். அலறும் நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது.

அவன் ‘வேண்டாம்’ அட்டையைக் காட்டினால் உண்மையிலேயே தட்டை எடுத்துவிடுங்கள். காட்டினால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான், தொண்டை அரிக்கும் நாளிலும் அவன் கை அந்த அட்டைக்குப் போகும்.