முதுமையில் இயலாமை

முதுமையில் இயலாமை என்பது வயது முதிர்ந்த ஒருவர் தம் அன்றாடத் தேவைகளைப் பிறர் உதவியின்றி நிறைவேற்றிக்கொள்ளும் திறனை ஓரளவோ முழுமையாகவோ இழந்த நிலையாகும். நோயும் இயலாமையும் ஒன்றல்ல. நீரிழிவு உடைய பலர் எவரையும் சாராது வாழ்கின்றனர். அந்நோயால் பார்வையையோ காலையோ இழந்தவருக்கு அது அரிதாகிறது.

அளவிடும் முறை

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்சு 1963 ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகோல் குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், இடம் மாறுதல், கழிவை அடக்குதல், உண்ணல் ஆகிய ஆறு செயல்களைக் கொண்டது. லாட்டன், புரோடி ஆகியோர் 1969 இல் உருவாக்கிய அளவுகோலில் சமைத்தல், பணத்தைக் கையாளுதல் போன்றவை இடம்பெற்றன. தரையில் அமர்ந்தெழுதலும் குந்துதலும் இவற்றில் தனியே இல்லை. தமிழகச் சிற்றூர்களைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. குந்தும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஒன்றே ஒருவரைப் பிறர் கையை நாட வைத்துவிடும். சுவரில் பொருத்திய கைப்பிடி அந்நிலையைத் தள்ளிப்போடக்கூடும்.

காரணிகள்

பக்கவாதம், மூட்டு நோய்கள், கண்புரை, மறதிநோய், மனச்சோர்வு ஆகியவை முதன்மையான மருத்துவக் காரணிகள். இவற்றுள் கண்புரை அறுவை மருத்துவத்தால் நீக்கத்தக்கது. கீழே விழுதல் தனித்துக் குறிப்பிடத்தக்கது: இடுப்பெலும்பு முறிந்தவர்களுள் பலர் பழைய நடமாட்டத்தை மீளப் பெறுவதில்லை. எலும்பு முறியாவிடினும், மீண்டும் விழுவோம் என்ற அச்சத்தால் நடப்பதைக் குறைப்பவரின் தசைகள் நலிந்து, விழும் வாய்ப்பு மேலும் கூடுகிறது. இந்தியாவில் 2017–18 இல் 45 வயதைக் கடந்தோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட நெடுங்கால முதுமை ஆய்வின் முதற்சுற்றில், அன்றாடச் செயல்களில் இடர்ப்படுவோர் ஆண்களைவிடப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்பட்டனர்.

தொழிலும் வருவாயும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் போன்ற தொழிற்பகுதிகளில் முதுமையின் இயலாமை பணிக்காலத்திலேயே தொடங்கிவிடக்கூடும். உருக்கு ஆலை இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு மீளாதது. வயதால் வரும் செவிக்குறை அதனுடன் சேர்ந்துகொள்ளும். பளு தூக்குதல் முதுகையும் முழங்காலையும் பாதிக்கிறது. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் (1995) முதுமைக்கால ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளி, முந்தைய கணக்குகள் இணைக்கப்படாவிடில் இத்தகுதியை இழக்க நேரிடும். மூக்குக்கண்ணாடி, செவிப்புலன் கருவி, உதவியாளர் ஆகிய மூன்றும் பணத்தைச் சார்ந்தவை என்பதால், வருவாயின்மையும் இயலாமையின் காரணிகளுள் ஒன்றாகவே கருதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர். 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகளுடன் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டிற்கே கொண்டு செல்கிறது. மருத்துவமனைக்குப் பேருந்தேற இயலாதவருக்கு இவற்றுள் இயன்முறை மருத்துவமே பெரிதும் பயன்படுவது.