பங்குக்கு வரும் பணம்

கையில் தொழில் இருக்கிறது, முதல் இல்லை. வங்கிக்குப் போனால் காணி உறுதியைக் கேட்கிறார்கள், வட்டி வேறு. சிறியதொரு பொறியியல் பட்டறை தொடங்க விரும்பும் உங்கள் பிள்ளையின் நிலை இதுவென்றால், அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

அங்கே 1946இல் பேராசிரியர் ஜோர்ஜ் டோரியோவும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு முதலீட்டுக் கம்பனியை ஆரம்பித்தார்கள். புதிய தொழில்களுக்குப் பணம் கொடுத்துப் பங்கு வாங்குவதே அதன் வேலை. 1957இல் கென் ஒல்சன், ஹார்லன் அண்டர்சன் என்ற இரு பொறியியலாளர்கள் அதனிடம் வந்தார்கள். கணனி செய்வதே அவர்களது எண்ணம். ஆனால் அக்காலத்தில் கணனித் தொழிலை நம்பிப் பணம் போடப் பலர் தயங்கினர். எனவே உடனே விற்கக்கூடிய சிறு இலத்திரனியல் பாகங்களைச் செய்வதாகவே திட்டம் கொடுத்தார்கள். 70,000 டொலர் கிடைத்தது. பழைய கம்பளி ஆலை ஒன்றில் இடம் பிடித்து வேலையைத் தொடங்கினார்கள். முதல் கணனி 1959இன் இறுதியில்தான் வெளிவந்தது. 'டிஜிட்டல்' என்ற பெரும் கம்பனி வளர்ந்தது இப்படித்தான்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன தெரியுமா? கம்பனியின் 70 சதவீதப் பங்கு! 1970களின் தொடக்கத்தில் அந்தப் பங்கின் பெறுமதி 30 கோடி டொலரைத் தாண்டியது.

பங்குக்கு வரும் பணம் இனாமல்ல என்பதைக் கவனியுங்கள். தொழில் நொடித்தால் முதல் போட்டவரும் நட்டப்படுவார். வளர்ந்தால் அவரே பெரும் பங்கைக் கொண்டு போவார். ஃபிக்ஹு நூல்கள் கூறும் முஷாரகாவிலும் நட்டம் அவரவர் போட்ட முதலுக்கேற்பவே பிரியும். இலாபம் பேசிக்கொண்டபடி பிரியலாம் என்பது சில மத்ஹபுகளின் கருத்து.

ஆகவே பணம் கேட்கப் போகுமுன், முதலில் எதைச் செய்து யாருக்கு விற்பீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அதற்குத் தேவையான இயந்திரத்துக்கு மட்டும் கேளுங்கள். இன்று அதிகம் கேட்டால் நாளை தொழில் உங்களுடையதாக இராது. வீட்டுச் செலவையும் பட்டறைக் கணக்கையும் கலக்காதீர்கள். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

"மச்சான்தானே, எழுத்து எதற்கு?" என்று கேட்காதீர்கள். மச்சான் என்பதால்தான் எழுத வேண்டும். பணம் போனால் உழைத்துத் தேடலாம். உறவு முறிந்தால் எங்கே போய்த் தேடுவது?